பட்டியலின் கடைசி ஆள்

“கடைசி ஆளை எடுத்துடலாமாம்மா? யாரும் தேட மாட்டாங்க” என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆய்வு மாணவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அவர் இல்லாம ஆய்வேடே இல்லக்கா. வழிகாட்டி கையெழுத்தே போட மாட்டார்.”

கடைசி ஆள் என்பது மேற்கோள் நூல்கள் பட்டியலின் கடைசிப் பெயர். நூற்றுப் பதினேழு பேரில் அகரவரிசைப்படி வாலில் வந்து நிற்பவர். மற்றவர்கள் எல்லோரும் புள்ளி, காற்புள்ளியோடு ஒழுங்காக உட்கார்ந்துவிட்டார்கள். இவருக்கு மட்டும் பக்க எண் இல்லை. அந்த இடத்தில் மென்பொருள் இரண்டு சிவப்புக் கேள்விக்குறிகளைப் போட்டுவிட்டு, ஒரு அடி நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது.

அந்த மென்பொருளை இந்த வருடம்தான் பல்கலைக்கழகம் கட்டாயமாக்கியிருந்தது. அதற்கு முன் அவருக்கு யாரும் பக்க எண் போட்டதில்லை. ஐந்து மணிக்குள் கோப்பு ஏறாவிட்டால் அவளுடைய பதிவு ரத்து. தபால் நிலையம், மருந்துக் கடை, பேருந்து நிலையம் என்று வரிசை வரிசையாக நின்று, மனிதர்கள் எத்தனையாவது நிமிடத்தில் பெருமூச்சு விடுகிறார்கள் என்று குறித்து வைத்த ஆறு வருடம் அப்படியே போய்விடும். இப்போது மணி இரண்டு.

‘வரிசையில் நான்காவதாக நிற்பவரே முதலில் பொறுமை இழக்கிறார்.’ துறையின் மூலக் கோட்பாடு அது. அதைச் சொன்னவர் கடைசி ஆள். அவர் பெயரைச் சொல்லாமல் அந்தத் துறையில் யாரும் முனைவர் ஆனதில்லை.

அக்காவின் கடை பல்கலைக்கழக வாசலுக்கு நேர் எதிரே. தட்டச்சு இயந்திரக் காலத்திலிருந்து அவள்தான் எல்லோருடைய ஆய்வேட்டையும் அடித்து, பக்கம் அமைத்துக் கொடுக்கிறாள். ஒவ்வொரு முன்னுரையிலும் அவளுக்கு ஒரு வரி நன்றி இருக்கும். அதையும் அவளே அடித்திருப்பாள்.

ஏதாவது ஒரு எண்ணைப் போட்டு ஒப்பேற்ற மாணவிக்கு மனம் வரவில்லை. தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டால்? நூலகத்துக்கு ஓடினாள். நூலகர் தேடிப் பார்த்துவிட்டு, யாரோ எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லை போல என்றார்.

வழிகாட்டியின் அறைக்குப் போனாள். அவர் அந்த நூலைப் பற்றி இருபது நிமிடம் உருகினார். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடி என்றார். படித்த அன்று தூக்கமே வரவில்லையாம். பக்க எண் மட்டும் நினைவில்லை. துறைத்தலைவரைக் கேட்கச் சொன்னார்.

துறைத்தலைவர், அது சட்டைப் பைக்குள் அடங்கிவிடும் சின்ன நூல் என்றார். கனமெல்லாம் கருத்தில்தானாம். தன்னிடமிருந்த பிரதியை இரவல் கொடுத்து ஏமாந்ததைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார். அவள் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டாவது நிமிடம்.

அந்த நூலை முதன்முதலாக மேற்கோள் காட்டியவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், அவரிடம் போ என்று அனுப்பினார்கள். இரண்டு தெரு தள்ளி வீடு. பேராசிரியர் தோட்டத்துக் குழாயைக் கையில் பிடித்தபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

“புத்தகத்தை விடும்மா. ஆளையே எனக்குத் தெரியும்” என்றார்.

ஏதோ ஒரு மாநாட்டில் சந்தித்தாராம். உயரமான மனிதர், மெல்லப் பேசுவார். இரண்டு பேரும் காபி குடித்தார்களாம். ஐந்தாவது ஆள்தான் முதலில் பொறுமை இழப்பான் என்று அவர் பிடிவாதம் பிடிக்க, நான்காவது ஆள்தான் என்று இவர்தான் புரிய வைத்தாராம். அவள் பக்க எண்ணுக்கு வந்தபோது பேராசிரியர் தண்ணீரை அடுத்த செடிக்குத் திருப்பினார்.

“பக்க எண்ணெல்லாம் சின்ன மனுஷங்க கேக்கறது.”

திரும்பி ஓடும்போது அந்த உயரமான மனிதர் அவள் கூடவே வருவதுபோல் இருந்தது. எங்கோ ஒரு ஊரில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை கேட்டால் போதும், மெல்லிய குரலில் எண்ணைச் சொல்லிவிடுவார். அவருடைய விலாசம்தான் யாரிடமும் இல்லை.

கடைக்குள் நுழைந்தபோது மணி நாலு நாற்பது. நாற்காலியில் விழுந்து அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் சொன்னாள். தடி நூல், சின்ன நூல் என்று சொன்னபோது அக்கா தட்டுவதை நிறுத்தவில்லை. காபி என்றதும் விரல்கள் நின்றன.

“காபி குடிச்சாராமா?”

“ஆமாக்கா. ரெண்டு பேருமா.”

அக்கா சற்று நேரம் தன் கைகளையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, எதையும் புரட்டாமல், யாரையும் கேட்காமல், நூற்றுப் பன்னிரண்டு என்று அடித்தாள். சிவப்புக் கேள்விக்குறிகள் மறைந்தன. ஐந்துக்கு நாலு நிமிடம் இருக்கும்போது, கோப்பு கிடைத்தது என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒப்புகை வந்தது.

மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்தப் புத்தகம் உங்ககிட்டயாக்கா இருந்துச்சு? அப்பவே சொல்லியிருக்கலாமே.”

அக்கா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“அந்தப் பேராசிரியர் ஐயாவோட ஆய்வேட்டை அடிச்சது நான்தாம்மா. பட்டியலோட கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு வரி தனியா நின்னுச்சு, பார்க்க நல்லா இல்ல. அகரவரிசை கெடாம நானா ஒரு ஆளை யோசிச்சு, துணைக்குப் போட்டேன்.”