மறதி மாத்திரை

“அண்ணே, மறதி மாத்திரை குடுங்க. எங்க வீட்டுக்காரருக்கு” என்று கேட்கும்போதே முனீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெடிக்கல் வைத்திருக்கும் சாம்பசிவத்துக்கு மாத்திரை விற்பதைவிடப் புத்தி சொல்வதில்தான் ருசி. ஆள் கிடைத்தால் சாப்பாடுகூட வேண்டாம். கல்லாவைப் பூட்டிவிட்டு எழுந்து வந்தார்.

“டாக்டர் சீட்டு இருக்காம்மா?”

“சீட்டெல்லாம் இல்லண்ணே. வியாழக்கிழமை திருப்பரங்குன்றத்துல எங்கண்ணன் மகளுக்குக் கல்யாணம். அதுக்குள்ள மாத்திரை வேலை செய்யலைன்னா அவரைக் கூட்டிட்டுப் போகவே முடியாது. அவரு இல்லாம நான் மட்டும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?”

“வயசு என்ன?”

“நாப்பத்தஞ்சு.”

“இந்த வயசுலயேவா!” சாம்பசிவம் உச்சுக் கொட்டினார். “பழசெல்லாம் ஞாபகம் இருக்கா?”

“அதை ஏன் கேக்குறீங்க! பத்து வருசத்துக்கு முந்தி எங்கண்ணன் வீட்டுக் கெடா விருந்துல தன் எலைக்கு நல்லி எலும்பு வரலைங்கிறதை, நேத்து நடந்தாப்ல சொல்றாரு. பக்கத்து எலைக்காரருக்கு எம்புட்டு விழுந்துச்சுங்கிறது வரைக்கும் சொல்றாரு.”

“அதான் அறிகுறி! பழசு பளிச்சுன்னு இருக்கும், புதுசுதான் மனசுல நிக்காது. சொந்தக்காரங்களை அடையாளம் தெரியுதா?”

“எங்கண்ணன் எதிர்ல வந்து ‘மாப்ள’ன்னு கூப்பிட்டாக்கூட, யாரோ எவரோன்னு தாண்டிப் போறாரு.”

“அட ஆண்டவா! பேச்சு எப்படி?”

“கல்யாணத்தைப் பத்திக் கேட்டா வாயே தெறக்க மாட்டேங்கிறாரு. நேத்து அண்ணன் பத்திரிகை வைக்க வந்தப்ப, சட்டைய மாட்டிக்கிட்டுக் கொல்லைப்பக்கமா வெளிய போனாரு. பொழுது சாஞ்சுதான் வீடு வந்து சேந்தாரு.”

“தன்னால எந்திரிச்சு வெளிய போறதும் ஆரம்பிச்சிருச்சா!”

சாம்பசிவத்துக்கு மனசு கேட்கவில்லை. முகம் தெரியாத அந்த மனிதருக்காக நிஜமாகவே வருத்தப்பட்டார். இருமல் மருந்துக்கு நின்றிருந்த பெரியவர், இருமுவதை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

“இங்க பாரு தங்கச்சி. இது மிட்டாய் இல்ல, ஆளாளுக்கு வாங்கிப் போட. வாந்தி வரும், தலை சுத்தும், சிலருக்கு நாடித்துடிப்பே குறைஞ்சுபோகும். சீட்டு இல்லாம நான் குடுக்க மாட்டேன். முதல்ல அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, நரம்பு டாக்டர் பாக்கட்டும்.”

“அவரு எழுதிக் குடுத்தா வியாழக்கிழமைக்குள்ள கேட்டுருமாண்ணே?”

“அம்புட்டு அவசரம் ஆகாதும்மா. மாசக்கணக்குல போட்டாத்தான் ஞாபகம் கொஞ்சமாவது கூடும்.”

முனீஸ்வரி பதறிப்போய் நெஞ்சில் கை வைத்தாள்.

“என்னது, கூடுமா?”

“பின்ன? மறதி மாத்திரைதானம்மா கேட்ட?”

“ஆமாண்ணே. தூக்க மாத்திரை போட்டாத் தூக்கம்தானே வருது!”