மூக்குக்கு எட்டாத ஓக்

காலை பதினொரு மணி வெயில் சுவைப்பு அறையின் வெள்ளை மேசையில் விழுந்து, கோப்பையிலிருக்கும் ஐரிஷ் விஸ்கியைத் தேன் நிறமாக்குகிறது. ஏழு வருடம் ஓக் மரப் பீப்பாயில் கிடந்த சரக்கு. இப்படி வரும் சரக்கைச் சுவைத்துத் தரம் சொல்வதுதான் அவளுடைய பதினெட்டு வருட உத்தியோகம். கோப்பையை மெல்லச் சுழற்றுகிறாள். விஸ்கி உள்சுவரில் ஏறிச் சோம்பலாக இறங்குகிறது. மூக்கை நுழைத்து ஆழமாக இழுக்கிறாள். ஒன்றுமில்லை. ஒரு மிடறை நாக்கில் உருட்டுகிறாள். வெறும் காந்தல் மட்டும் தொண்டைவரை போகிறது. காய்ச்சல் வந்துபோனதிலிருந்து மூன்று வாரமாக இப்படித்தான். அடுப்பில் பால் தீய்ந்ததைக்கூட மாமியார் கத்தித்தான் தெரிந்துகொண்டாள். எதிரே, நரை தட்டிய பரிசோதனைக்கூடத்துக்காரர் படிவத்தை நீட்டுகிறார். "என்னம்மா, ஓக் வாசனை தூக்கலா இருக்கா? நீ சரின்னு சொன்னா இன்னிக்கே பாட்டில்ல அடைச்சிடுவாங்க." வெனிலா, கருகிய சர்க்கரை, புதிதாக அறுத்த பலகை என்று பழகிய வார்த்தைகள் நாக்கு நுனியில் வந்து நிற்கின்றன. சொன்னால் யாரும் சந்தேகப்படப் போவதில்லை. அவள் கோப்பையை அவர் பக்கம் நகர்த்துகிறாள். "எனக்கு மூணு வாரமா வாசனையே தெரியலண்ணே. நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவர் சிரிக்கப் போய், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறார். குனிந்து முகர்கிறார், ஒரு வாய் குடிக்கிறார். "மழையில நனைஞ்ச மரக்கதவு மாதிரி இருக்கும்மா," என்கிறார் தயங்கி. "கொஞ்சம் இனிப்பு. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல." அவள் அதை அப்படியே எழுதுகிறாள். கீழே, மதிப்பிட்டவர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போடுகிறாள்.