நெஞ்சுக்கு வராத பந்து

"இருநூற்றுப் பன்னிரண்டு பந்து சார். நானே எண்ணினேன். ஒண்ணு, ஒரே ஒண்ணுகூட இடுப்புக்கு மேல வரலை!"

பயிற்சியாளரின் மேசைமேல் கைப்பேசியை வைத்தாள் தங்கை. படம் ஓடிக்கொண்டிருந்தது. வலைக்குள் மட்டையோடு அவள் அண்ணன். எதிரே, நீளப் பிடி வைத்த கரண்டி மாதிரி ஒரு குச்சியால் பந்தை எறிந்துகொண்டே இருக்கும் ஆள். பயிற்சியில் பந்து எறிவதற்கென்றே அணியில் மூன்று பேர் இருந்தார்கள். அண்ணன் எப்போதும் கேட்டு வாங்குவது இவரைத்தான்.

உள்ளூர்ப் போட்டிகளில் மலைமலையாய் ரன் குவித்தவன் அண்ணன். நாட்டுக்காக மூன்று ஆட்டம் ஆடினான். ஐந்து முறை அவுட். ஐந்தும் நெஞ்சுக்கு எகிறி வந்த பந்தில்.

"உள்ளூர்ல புலி, வெளியில எலின்னு எங்க காலேஜ் கேன்டீன்ல பேசறாங்க. புலியை எலியாக்கினது யாரு? இந்த ஆளு! சோம்பேறித்தனமா பந்தை உருட்டி விட்டா எவன் சார் பழகுவான்? அடுத்த டூருக்கு இன்னிக்குச் சாயந்திரம் நீங்க பேர் அனுப்பணும். அதுக்குள்ள தப்பு யார் மேலன்னு தெரிஞ்சாகணும்."

"சட்டம் படிக்கிறியா?"

"ரெண்டாவது வருஷம்."

"அதானே பார்த்தேன்." பயிற்சியாளர் எழுந்தார். "வா. முதல்ல ஒரு பந்தைப் பாரு. அப்புறம் வழக்கு நடத்தலாம்."

ஸ்டம்புக்குப் பின்னால், வலைக்கு வெளியே அவளை நிறுத்தினார். எதிர் முனையில் பந்து வீசும் மெஷின். "மணிக்கு நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர். நல்லாக் கண்ணைத் திறந்து வெச்சுக்கோ."

'டப்'பென்று ஒரு சத்தம். முகத்துக்கு நேரே வலை அதிர்ந்தது.

"எப்ப சார் போடப் போறீங்க?"

"போட்டாச்சு."

இரண்டாவது பந்துக்கு இமைக்காமல் நின்றாள். சிவப்பாக ஒரு கோடு தெரிந்த மாதிரி இருந்தது. அதற்குள் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. இத்தனைக்கும் நடுவில் வலை இருந்தது. அண்ணனுக்கு ஏது வலை?

"நம்ம உள்ளூர் பிட்ச்ல பந்து இப்படி எகிறாது. இந்த வேகத்துல போடறவனும் இங்க இல்ல. வெளிநாட்டுல இருக்கிறவன், உன் அண்ணன் ஆடின ஒவ்வொரு பந்தையும் படம் போட்டுப் பார்த்துட்டுத்தான் களத்துக்கே வருவான். ஓட்டை எங்கன்னு தெரிஞ்சா அப்புறம் விடமாட்டான். அங்கயேதான் குத்துவான்."

அவள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "அப்ப இந்த மெஷின்லயே பழகலாமே சார்?" குரல் பாதியாகியிருந்தது.

"மெஷினுக்குத் தோள் ஏதும்மா? பந்து கையை விட்டு வர்றதுக்கு முன்னாடியே தோளைப் பார்த்துக் காலை நகர்த்தணும். அதுக்குத்தான் எறியறதுக்கு ஆள். கை தலைக்கு மேல போனாத்தான் பந்து எகிறும்." கைப்பேசியை வாங்கி மறுபடி பார்த்தார். முகம் மாறியது. "இவர் கை பக்கவாட்டுல இல்ல வருது? நீ சொன்னது சரிதான். நாளையிலேர்ந்து இவர் வேண்டாம்."

"சார்!"

பின்னால் அண்ணன் நின்றிருந்தான். ஓடி வந்திருப்பான் போல, மூச்சு வாங்கியது.

"அவர் மேல தப்பில்ல சார். எகிற விடாதீங்கன்னு நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

அண்ணன் தரையைப் பார்த்தான். "பயம் சார்."

பயிற்சியாளர் கைப்பேசியைத் தங்கையிடம் திருப்பிக் கொடுத்தார். "சரி, அவர் இருக்கட்டும். ஆனா இதை மறைச்சு உன் பேரை நான் அனுப்ப முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

தங்கைக்குக் காது சுட்டது. இவனுக்காகவா ஊரோடு சண்டை போட்டோம்? கேன்டீனில் எலி என்று பேசியதில் என்ன தப்பு? பயிற்சியாளர் முன்னால் வாயை அடக்கிக்கொண்டாள். அரை மணி நேரம் மைதானத்தைச் சுற்றினாள். ஆத்திரம் அடங்கவில்லை. நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று உடை மாற்றும் அறைக்குப் போனாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. தட்டப் போன கை நின்றது.

பெஞ்சில் அந்த எறிகிற ஆள். முன்னால் மண்டியிட்டு, வேர்வையில் ஒட்டிப்போன அவருடைய சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான் அண்ணன். அவருடைய வலது கை தோள் உயரம்கூட எழவில்லை. அவர் பல்லைக் கடித்தார். எந்த இடத்தில் வலிக்கும் என்பது அண்ணனுக்கு அத்துப்படி போலிருந்தது. அதற்கு ஒரு விரல் முன்பே நிறுத்தி, தலை வழியாகச் சட்டையை எடுத்து, கடைசியில் கையை மெல்ல உருவினான். குழந்தைக்குச் செய்கிற மாதிரி.

"பயந்தாங்கொள்ளின்னு பேர் வாங்கிட்டியே தம்பி! என் மனசு கேக்கலை. நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"ரெண்டு வருஷமா இந்தத் தோள் தூக்க வரலைன்னு. எகிற எறியறவங்க ரெண்டு பேர் இருந்தும், என் வேலை போயிடக் கூடாதுன்னு நீ என்னையே கேட்டு வாங்கினேன்னு. நீ அவங்ககிட்டப் போனா, ஏன் என்னை விட்டுட்டு வர்றேன்னு கேள்வி வரும்னு பயந்து, ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போகலைன்னு."

கதவுக்கு வெளியே தங்கைக்கு அந்த மெஷின் பந்து நினைவுக்கு வந்தது.

அந்தச் சிவப்புக் கோட்டுக்கு முன்னால், ஒருமுறைகூடப் பழகாமல், நெஞ்சுக்குத்தான் வரும் என்று தெரிந்தே, வலையில்லாமல் போய் நின்றிருக்கிறான். ஒரு தடவை இல்லை, மூன்று ஆட்டம் முழுக்க.

உள்ளே அண்ணன் சட்டையை மடித்துக்கொண்டே சிரித்தான்.

"சும்மா இருங்க அண்ணே. எனக்கு ஆட உள்ளூர் இருக்கு. இந்தத் தோளை வெச்சுக்கிட்டு நீங்க எந்த ஊருக்குப் போவீங்க?"