தார் எழுத்து

செங்கமலத்தின் ஊர் ரயில்வே ஸ்டேஷனை எடுத்த படத்துக்குப் பரிசு கிடைத்திருக்கிறதென்று போட்டோகிராபர் நவநீதன் கூப்பிட்டதும், அவள் இரண்டு பஸ் மாறிக் கண்காட்சிக்குப் போனாள். பாழாய்க் கிடந்த ஸ்டேஷனைப் படமெடுக்க வந்தவனுக்கு முள்ளை விலக்கி வழிகாட்டியவள் அவள்தான்.

படத்தில் துருப்பிடித்த தண்டவாளம் பொன்னாக மின்னியது. அன்றைக்கு இல்லாத மேகமெல்லாம் வானத்தில் இருந்தது. ஸ்டேஷன் சுவர் மட்டும் துடைத்துவிட்டாற்போல் வெறுமையாக இருந்தது. ரயிலை நிறுத்திய வருஷம், கூடை சுமந்து அதில் சந்தைக்குப் போய்வந்த ஒன்பது பெண்கள் அந்தச் சுவரில்தான் தாரால் எழுதினார்கள்: ‘எங்கள் ரயிலைத் திருப்பிக் கொடு.’ அதற்காகப் போலீஸிடம் அடிவாங்கியவர்களில் அவளும் ஒருத்தி.

“எழுத்து எங்க தம்பி?”

“கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டேன்க்கா. கண்ணை உறுத்துச்சு.”

“உறுத்தணும்னுதானேடா எழுதினோம்!”

படத்துக்குக் கீழே தலைப்பு இருந்தது: ‘மௌனம்’.  நவநீதன் தடுப்பதற்குள் அவள் படத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கத் தரையில் சாய்த்துவைத்தாள். கூட்டம் கூடிவிட்டது.

“என்னம்மா படம் அது?” என்றார் ஒருவர்.

செங்கமலம் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.