மேலக்கரையின் பதில்

வற்றிப்போன ஏரியில், கூழாங்கற்களுக்கு நடுவே ஓர் ஆட்காட்டிக் குருவி மூன்று முட்டைகள் இட்டிருந்தது. கல் எது, முட்டை எது என்று கிட்டே வந்து பார்த்தாலும் தெரியாது. ஆனால் அது நொடிக்கொரு தரம் எழுந்து நின்று, "மூணு முட்டை! மூணும் புள்ளி போட்ட முட்டை!" என்று கத்தும். மற்றக் கரைகளிலிருந்து பறவைகள் பதில் கொடுக்கும். மேலக்கரை மட்டும் வாய் திறக்கவில்லை.

"வாயை மூடிக்கிட்டு அடைகாக்க மாட்டியா?" என்று எரிந்து விழுந்தது ஆண் குருவி.

"மேலக்கரைக்கு நம்ம மேல என்ன கோபம்னு தெரியலையேங்க."

அப்போது காய்ந்த கோரை அசைந்தது. கீரி! இரண்டும் கல்லோடு கல்லாய்ப் பதுங்கின. கீரி முட்டைகளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தது. ஒன்றும் புலப்படாமல் கோரைக்குள் திரும்பிப் போனது.

ஆண் மூச்சு விடுவதற்குள் பெண்ணின் கழுத்து நிமிர்ந்தது.

"வேண்டாம்டீ!"

"கீரி! எங்க முட்டைக்கு ஒரு சாண் பக்கத்துல கீரி வந்துச்சு!"

கோரைக்குள் சலசலப்பு நின்றது. பிறகு இந்தப் பக்கமாகத் திரும்பி வந்தது.

ஆண் இறக்கை ஒடிந்ததுபோல் நொண்டிக் காட்டியது. கீரி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடைசியில் ஓடுகள்தான் மிஞ்சின.

பெண் கதறியது. கரைகளெல்லாம் சேர்ந்து கதறின. ஓடுகளின் பக்கத்தில் ஆண் தேம்பிக்கொண்டிருந்தது. பெண் சட்டென்று அழுகையை நிறுத்திக் கழுத்தை நீட்டியது.

"கொஞ்சம் சும்மா இருங்க," என்றது. "மேலக்கரை பேசுது."