கனடாவிலிருந்து வந்த வாள்

"புகையுது, தேவகுமாரி. சுவிச்சை நிப்பாட்டு."

மனைவி நிப்பாட்டுவதற்குள் சார்ஜர் டப் என்று வெடித்தது. விறாந்தை முழுக்கக் கருகல் நாற்றம். மகன் பிறேம் கனடாவிலிருந்து அனுப்பிய புத்தம்புது மரம் அறுக்கும் பற்றரி வாள் ஒரு குச்சியைக்கூட அறுக்காமல் மேசையில் கிடந்தது. லயனலுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"மூண்டாந் தரம். பிறந்தநாளுக்கு டிறில் மெசின், எரிஞ்சுது. நத்தார்ப் பண்டிகைக்கு மரம் தேய்க்கிற மெசின், அதுவும் எரிஞ்சுது. இப்ப இது. கனடாக் கரண்டு வேறை, எங்கடை கரண்டு வேறை எண்டு ஒரு எஞ்சினியருக்குத் தெரியாதோ?"

"அவனுக்கு எல்லாத்திலையும் அவசரம். உங்கடை பிள்ளைதானே."

"இந்த முறை சரியானதைத்தான் அனுப்பியிருக்கிறான் எண்டு நீதானே சொன்னனி."

"அவன் போனிலை சொன்னதைத்தானப்பா நான் சொன்னன்."

"சார்ஜரிலை எழுதியிருக்கிறதையும் நீதான் வாசிச்சனி."

"அந்தப் பொடி எழுத்து. எனக்கு இருநூற்று முப்பது வோல்ற் எண்டுதான் தெரிஞ்சுது."

கண் ஒப்பறேசனுக்குப் பிறகு லயனலுக்குப் பொடி எழுத்துச் சரிவருவதில்லை. வாசிப்பது, பிறேமோடு கதைப்பது, வந்த பெட்டியைப் பிரிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. பிளக்கைச் செருகுவதுகூட அவள்தான். "நீங்கள் தள்ளி நில்லுங்கோ" என்று அவரை ஒவ்வொரு முறையும் வாசல்வரை துரத்திவிடுவாள்.

ஆவணியில் பேத்தி அபிகாயில் முதன்முதலாகத் தெல்லிப்பழை வீட்டுக்கு வருகிறாள். மூன்று வயது. அவள் உட்காருவதற்குத் தன் கையாலேயே ஒரு சின்னக் கதிரை செய்து வைப்பதாக லயனல் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். வேம்பில் இதுவரை ஒன்பது கால்கள் அறுத்தாயிற்று. ஒன்றோடு ஒன்று சேரவில்லை. ஒன்று கட்டை, ஒன்று நெட்டை, மிச்சம் பாம்பு போன பாதை. போதாததற்குக் கைவாள் துள்ளிப் பெருவிரலில் ஏழு தையல் வேறு.

"நாலு காலையும் முன்வீட்டு இன்னாசித்தம்பியிட்டைக் குடுத்து அறுப்பியுங்கோவன்," என்றாள் தேவகுமாரி. "பொருத்தி வார்னிஷ் அடிக்கிறதை நீங்கள் செய்யுங்கோ."

"அப்ப அது இன்னாசித்தம்பியின்ரை கதிரை. நிலஅளவைக் கந்தோரிலை முப்பத்திரண்டு வருசம் கோடு கீறின கை இது. கை கோணாது. கைவாள்தான் கோணல். மெசின்வாள் இருந்தால் ஒரு மணித்தியால வேலை."

அவள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தேவாலயத்தில் மாதர் சங்கக் கூட்டமென்று குடையை எடுத்தாள்.

"உதென்ன, இண்டைக்கும் அரைக்கோப்பை? தேத்தண்ணிக்கும் பஞ்சமே இந்த வீட்டிலை?"

"குடிச்சிட்டுக் கேளுங்கோ, இன்னும் வாத்துத் தாறன்," என்று சொல்லிக்கொண்டே படலையைச் சாத்திவிட்டுப் போனாள். ஆறேழு மாதமாக இதே அரைக்கோப்பை, இதே பதில். லயனலுக்கு அலுத்துவிட்டது.

அவளுடைய போன் யன்னலடியில் கிடந்தது. இன்றைக்கு நானே இரண்டு வார்த்தை கேட்கிறேன் என்று லயனல் அதை எடுத்தார். பிறேமின் படத்தில் விரல் படாமல் விலகி விலகிப் போய், மூன்றாம் முறைதான் பட்டது. இந்தப் போனும் ஒரு பழுதல் சாமான்.

"அம்மா?"

"அம்மா இல்லை, அப்பன். ஏன்ரா, உனக்கு மூளை இருக்கோ? வாளும் எரிஞ்சுது. இனி எனக்கு ஒரு இழவும் அனுப்பாதை. ஜேர்மனியிலை இருக்கிற உன்ரை சித்தியிட்டைக் கேக்கிறன். அங்கத்தைக் கரண்டும் எங்கடை கரண்டும் ஒண்டாம். அவள் அனுப்பினால் ஓடும்."





"அப்பா, சித்தியிட்டைக் கேக்காதேங்கோ."

"ஏன் கேக்கக்கூடாது?"

"டிறில் மட்டும்தான் நான் தெரியாமல் அனுப்பினது," என்றான் பிறேம் மெதுவாக. "அது எரிஞ்ச அண்டைக்கே அம்மா போன் எடுத்தவ. இனி அனுப்புறதெல்லாம் எரியிறதாய்ப் பார்த்து அனுப்படா எண்டு."

"ஆர், தேவகுமாரியோ?"

"ஓம். 'அப்பாவுக்குக் கை நடுங்குது தம்பி. அவர் அதை இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை. மெசின் ஓடினால் விரல் போயிடும். செய்யாதேங்கோ எண்டு நான் சொன்னால் மனுசன் உடைஞ்சு போயிடும். பழி கரண்டிலை கிடக்கட்டும்' எண்டு அழுதவ."

லயனல் பெருவிரலிலிருந்த தையல் தழும்பைப் பார்த்தார்.

"நான் போன் எடுத்தனான் எண்டு அம்மாவுக்குச் சொல்லாதை. கதிரைக்காலை இன்னாசித்தம்பி அறுக்கட்டும். நீ அடுத்த முறையும் கனடா மெசினையே அனுப்பு."

போனை வைத்துவிட்டுத் தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். அரைக்கோப்பைத் தேத்தண்ணி விளிம்புவரை ஏறி ஏறி இறங்கியது. ஒரு துளிகூட வெளியே சிந்தவில்லை.