கழற்றிய கதவு

எரிமலை புகையத் தொடங்கினால் அந்த ஊரார் முதலில் கதவைக் கழற்றிக்கொண்டுதான் ஓடுவார்கள். வெடித்து அடங்கிய ஒவ்வொரு முறையும் புதைந்த வீட்டின் மேலேயே புதுவீடு எழும்பும். கதவு மட்டும் பூட்டன் காலத்தது. இந்த முறையும் சிட்டம்மா, படுத்த படுக்கையாய்க் கிடந்த புருஷனிடம், "இத மேட்டுல போட்டுட்டு ஓடியாறேன்" என்று சொல்லிக் கதவைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். திரும்புவதற்குள் நெருப்பாறு வழியை அடைத்துவிட்டது.

மலை அடங்கியபின் கதவோடு வந்தாள். கண்ணுக்கெட்டிய மட்டும் சாம்பல்.

"எந்தப் பக்கம் பாத்து நிறுத்தணும் மதினி?" என்றான், கடப்பாரையோடு வந்த கொழுந்தன்.

"நிறுத்த வேணாம்யா. வீடு கீழதான கெடக்கு."

சாம்பலின் மேல் கதவைப் படுக்கப் போட்டாள். பிறகு குனிந்து, தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள்.